புகை மூட்டும் தீயைப் பூஞ்சை அணைக்குமா?

மழைக்காலத்தில் இரண்டு நாள் மறந்து வைத்த ரொட்டித் துண்டின்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல மழைக்கு மறுநாள் வைக்கோற்போரின் அடியில் குடை விரித்து நிற்கும் காளானையும் பார்த்திருப்பீர்கள். இவ்விரண்டும் ஒரே உயிரினப் பெரும்பிரிவைச் சேர்ந்தவை. பூஞ்சைகள் என்று அவற்றை அழைக்கிறோம். அவை தாவரங்களும் அல்ல, விலங்குகளும் அல்ல. உறவுமுறை பார்த்தால் செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் அவை சற்று நெருக்கமானவை!

இந்தப் பூஞ்சைகளைப் பற்றி இப்போது ஒரு பேச்சு பரவலாக அடிபடுகிறது. புகைபிடிப்பவரின் நுரையீரலில் உண்டாகும் அழற்சியைக் காளானிலிருந்து எடுத்த பொருள்கள் தணித்துவிடும் என்பதே அந்தப் பேச்சு. மாத்திரையாகவும், பொடியாகவும், காப்பித்தூளில் கலந்தும் அவை விற்பனைக்கு வருகின்றன. "அப்பா புகையை விடமாட்டேன் என்கிறார். இந்த மாத்திரையையாவது வாங்கிக் கொடுக்கலாமா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விடியற்காலையில் வீட்டில் ஒருவர் நெடுநேரம் இருமுவதைக் கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளைக்கு இது தேர்வுக்குரிய கேள்வி அன்று, வாழ்க்கைக்குரிய கேள்வி.

இக்கட்டுரையை எழுதுபவன் இயற்பியல் ஆசிரியன்; மருத்துவன் அல்லன். ஆயினும் காற்று எப்படி ஓடுகிறது, குழாய் குறுகினால் என்ன ஆகும், ஒரு சோதனையை எப்போது நம்பலாம் என்பவையெல்லாம் இயற்பியலுக்கும் உரியவை. அந்த வழியில் சென்று இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

மார்புக்குள் ஒரு வகுப்பறை

மூக்கின் வழியாகச் செல்லும் காற்று மூச்சுக்குழலை அடைந்து, அங்கிருந்து இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகிறது. ஒரு மரத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் இந்த அமைப்பு தோன்றும். இருபது முறைக்கு மேல் கிளை பிரிந்தபின், நுனியில் இலைகளுக்குப் பதிலாக நுண்ணிய காற்றறைகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. வளர்ந்த ஒருவருடைய நுரையீரல்களில் ஏறத்தாழ 48 கோடி காற்றறைகள் உண்டு. ஒவ்வொன்றின் விட்டமும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அவற்றையெல்லாம் பிரித்து விரித்துப் பரப்பினால் ஒரு பெரிய வகுப்பறையின் தரையை மூடிவிடலாம்! இவ்வளவு பரப்பு இருப்பதால்தான் ஆக்சிஜன் விரைவாக இரத்தத்துக்குள் புக முடிகிறது.

காற்றறையின் சுவர் மிகமிக மெல்லியது. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் திரையின் கனம் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்படிப்பட்ட மெல்லிய திரையின்மேல் புகையை ஊதினால் என்ன ஆகும்?

சிகரெட்டுப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் எழுபது அளவிலானவை புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. பீடிப் புகை இலையில் சுற்றியது என்பதால் சாது என்று எண்ணிவிட வேண்டாம். அதுவும் இதே குணம் உடையதே. புகையிலுள்ள துகள்கள் மிகச் சிறியவை. பெரிய தூசுகள் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். புகைத்துகளோ காற்றின் ஓட்டத்தோடு வளைந்து வளைந்து கடைசிக் காற்றறைவரை போய்ச் சேர்கிறது. அதோடு, இணை சேராத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகள் புகையில் ஏராளம். தனி உறுப்புகள் என்று வேதியியலில் இவற்றைக் குறிப்பிடுவார்கள். ஒரே ஓர் இழுப்புப் புகையில் இவற்றின் எண்ணிக்கை என்ன தெரியுமா? 1 என்று எழுதி அதன்பின் 15 சுழிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இவை தமக்கு வேண்டிய எலக்ட்ரானை அருகிலுள்ள உயிரணுக்களின் மூலக்கூறுகளிலிருந்து பறித்துக்கொள்கின்றன.

காவலரே கொள்ளையரானால்?

காற்றறைகளில் ரோந்து சுற்றும் காவலர்கள் உண்டு. பெருவிழுங்கணுக்கள் என்பது அவற்றின் பெயர். உள்ளே வரும் கிருமியையும் தூசையும் விழுங்கிச் செரிப்பது அவற்றின் தொழில். புகை வந்து தாக்கும்போது இவை கலவரமடைகின்றன. இவற்றின் உள்ளே 'என்.எஃப். கப்பா பி' என்ற புரதம் ஒரு சுவிட்சுபோல் இயங்கி, பல மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடுகிறது. உடனே அபாயச் செய்திகளைச் சுமந்த புரதங்கள் வெளியேறுகின்றன. அச்செய்தி கேட்டு இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாக நுரையீரலுக்குள் வந்து குவிகின்றன. இரத்தக்குழாய்கள் விரிகின்றன; சுவர்கள் வீங்குகின்றன; சளி பெருகுகிறது. இதுவே அழற்சி.

விரலில் முள் தைத்தாலும் இதேதான் நடக்கிறது. அங்கே அது நன்மைக்கே. முள்ளை எடுத்ததும் நான்கு நாளில் வீக்கம் வடிந்துவிடும். ஆனால் நாளொன்றுக்கு இருபது முறை, ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அதே இடத்தில் முள் குத்திக்கொண்டே இருந்தால் வீக்கம் எப்படி வடியும்?

அழைத்து வரப்பட்ட வெள்ளையணுக்கள் சும்மா இருப்பதில்லை. கிருமிகளைச் சிதைப்பதற்காக எலாஸ்டேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி நுரையீரலின் நெகிழும் நார்களையும் அறுத்துவிடும் இயல்பு உடையது. இதைத் தடுக்க நம் உடலே ஒரு பாதுகாப்புப் புரதத்தை வைத்திருக்கிறது. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்பது அது. 1963-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டைச் சேர்ந்த லாரெல், எரிக்சன் என்ற இருவர், இப்புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு நுரையீரல் நோய் வருவதைக் கண்டறிந்தனர். புகையோ, புரதம் நிறைவாக உள்ளவர்களிடமும் அதே கேட்டைச் செய்கிறது. அந்தப் புரதத்தின் முக்கியமான ஓர் இடத்தில் ஆக்சிஜனை ஏற்றி, அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. கத்தியை வரவழைப்பதும் புகை. கேடயத்தை உடைப்பதும் புகை!

நார்கள் அறுந்தால் காற்றறைகளின் சுவர்கள் கிழிகின்றன. சிறிய அறைகள் பல சேர்ந்து பெரிய, தொளதொளத்த பைகளாகின்றன. பரப்பு குறைகிறது. ஒருமுறை கிழிந்த அறை மறுபடி முளைப்பதில்லை. நாள்பட்ட மூச்சடைப்பு நோய் என்று மருத்துவர்கள் கூறுவது, இந்தக் கிழிசலும் குழல்களின் வீக்கமும் சேர்ந்த நிலைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் சுமார் 35 லட்சம் பேர் இறந்தனர்.

நான்காம் அடுக்கின் கொடுமை

அழற்சியால் குழல் சற்றே வீங்கினால் மூச்சு ஏன் இவ்வளவு திணறுகிறது? இங்கேதான் இயற்பியல் வருகிறது. 1840-களில் பிரெஞ்சு மருத்துவரான பாய்சொய், நுண்குழாய்களில் திரவம் ஓடுவதை அளந்து ஒரு விதியைக் கண்டார். குழாயின் ஓட்டத்தடை அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. நுரையீரலின் சிறுகுழல்களில் சீராகச் செல்லும் காற்றுக்கும் இது பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம் பத்து சதவீதம் குறைந்து 0.9 பங்கு ஆகிறது என்று கொள்வோம். 0.9-இன் நான்காம் அடுக்கு 0.656. ஆகவே தடை ஒன்றரை மடங்காகிறது. ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கா? இல்லை, பதினாறு மடங்கு! பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரே நீளமும் வெவ்வேறு உள்விட்டமும் கொண்ட இரு நுண்குழாய்கள் இருந்தால், ஒரே உயரத்தில் வைத்த நீர்த்தொட்டியிலிருந்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு நீர் வருகிறது என்று அளந்து பாருங்கள். நான்காம் அடுக்கின் கொடுமை கண்முன் தெரியும்.

ஆக, அழற்சியைச் சிறிதளவு குறைத்தாலும் மூச்சு பெரிதும் எளிதாகும் என்பது தெளிவு. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு மருந்து தேடுவது வீண் வேலை அன்று. ஆஸ்துமாவில் நன்றாக வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்துகள், புகையால் வந்த அழற்சியில் அந்த அளவுக்குப் பலிப்பதில்லை. எனவே புதிய பொருள்களை நாடுகிறார்கள். அந்த நாட்டம் பூஞ்சைகள் பக்கம் திரும்பியதற்கும் தக்க காரணம் உண்டு.

பூஞ்சை ஒரு வேதியியற்கூடம்

பூஞ்சைக்குக் கால் இல்லை, ஓடித் தப்ப முடியாது. பல் இல்லை, கடிக்க முடியாது. ஆயிரம் பாக்டீரியாக்களோடும் பூச்சிகளோடும் ஒரே மண்ணில் உணவுக்குப் போட்டியிட வேண்டும். ஆகவே அது வேதிப்பொருளையே ஆயுதமாக்கிக்கொண்டது. 1928-ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாந்தர் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின் அத்தகைய ஆயுதமே.

நம் நோய்த் தடுப்பு ஆற்றலை அடக்கும் பொருள்களையும் பூஞ்சைகள் தந்திருக்கின்றன. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கிறது. பூச்சிகளைக் கொன்று வளரும் மற்றொரு பூஞ்சையின் பொருளை முன்மாதிரியாக வைத்து, ஜப்பானில் ஃபிங்கோலிமோட் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. நரம்புகளின் உறையை உடலே அரிக்கும் ஒரு நோய்க்கு 2010-ஆம் ஆண்டு முதல் அது பயன்படுகிறது.

ஆகவே, பூஞ்சையிலிருந்து அழற்சிக்கு மருந்து வரவே வராது என்று ஒருவர் சொன்னால் அது அறியாமை. வரக்கூடும். ஆனால் 'வரக்கூடும்' என்பதற்கும் 'வந்துவிட்டது' என்பதற்கும் இடையே நீண்ட பாதை உண்டு.

புழுவில் முளைக்கும் காளான்

கடைகளில் பெரிதாகப் பேசப்படும் ஒரு காளானை எடுத்துக்கொள்வோம். திபெத்து, நேபாளம், பூட்டான், நம் உத்தராகண்டம் ஆகிய இடங்களில், மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில், மண்ணுக்குள் வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்களை ஒரு பூஞ்சை தாக்குகிறது. புழு இறந்தபின் அதன் தலையிலிருந்து பழுப்புநிறக் காம்பு ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு எழுகிறது. திபெத்தியர் இதைக் 'கோடையில் புல், குளிரில் புழு' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். உத்தராகண்டத்தில் கீடா ஜடி என்பர். அளவுக்கு மீறிப் பறித்ததால் 2020-ஆம் ஆண்டில் இது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது.

இதன் உறவுப் பூஞ்சையான கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்பதிலிருந்து 1950-இல் கிளாஸ்கோ நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். கார்டிசெபின் என்று அதற்குப் பெயரிட்டனர். அது செய்யும் வேலை சுவையானது. உயிரணு ஒரு புரதத்தைச் செய்ய வேண்டுமானால், மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற கட்டளை நகலை எடுக்கிறது. அந்த நகலின் வாலில் அடினோசின் என்னும் அலகுகள், ரயில் பெட்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கில் கோக்கப்படுகின்றன. வால் சரியாக அமையாவிட்டால் நகல் நீடிக்காது. கார்டிசெபின் பார்வைக்கு அடினோசின் போலவே இருக்கும். ஆனால் அதன் மூன்றாம் கார்பனில் இருக்க வேண்டிய ஓர் ஆக்சிஜன் அணு இல்லை. பின்புறக் கொக்கி இல்லாத ரயில் பெட்டி அது! அது வந்து சேர்ந்துவிட்டால் அதற்குப் பின்னே அடுத்த பெட்டியை மாட்ட முடியாது. அபாயச் செய்திப் புரதங்களுக்கான கட்டளைகள் இவ்வாறு தடைப்படுவதைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் காண முடிகிறது. விலங்குச் சோதனைகளிலும் அழற்சி குறைந்ததாக ஆய்வுக்கட்டுரைகள் வெளிவந்துள்ளன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். முதலாவது, நம் உடலிலுள்ள ஒரு நொதி கார்டிசெபினை விரைவிலேயே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. கண்ணாடித் தட்டில் அந்த நொதி தரும் தொல்லை குறைவு, உடலில் அதிகம். இரண்டாவது, விலையுயர்ந்த இமயமலைப் புழுக்காளானில் கார்டிசெபினை உண்டாக்கத் தேவையான மரபணுக்களே இல்லை என்று 2017-இல் சீன விஞ்ஞானிகள் அறிவித்தனர். பெயரைப் பார்த்து விலை கொடுப்பது வேறு; பொருளைப் பார்த்து மருந்து கொடுப்பது வேறு.

முழுதும் சோதிக்கப்பட்ட ஒரு பூஞ்சைப் பொருள்

"அப்படியானால், பூஞ்சைப் பொருள் எதையாவது புகையால் கெட்ட நுரையீரலில் முறையாகச் சோதித்திருக்கிறார்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள். சோதித்திருக்கிறார்கள். அந்தக் கதையை அறிந்துகொள்வது மிகவும் பயன் தரும்.

ஜப்பானில் உழவர் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ, ஃபிளெமிங்கின் வரலாற்றைப் படித்து ஊக்கம் பெற்றவர். இரத்தத்தில் கொலஸ்டிராலைக் குறைக்கும் பொருளைப் பூஞ்சைகளில் தேடினார். ஏறத்தாழ ஆறாயிரம் பூஞ்சை வகைகளைச் சோதித்தபின், 1973-ஆம் ஆண்டில், அரிசியில் வளர்ந்த ஒரு நீலப்பச்சைப் பூசணத்தில் அப்பொருளைக் கண்டார். அதைத் தொடர்ந்து ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்ற வேறொரு பூஞ்சையிலிருந்து லோவாஸ்டாடின் கிடைத்தது. 1987-இல் மருந்தாக அனுமதி பெற்றது. அதைச் சிறிது மாற்றிச் செய்ததே சிம்வாஸ்டாடின். மாரடைப்பைத் தடுக்க இலட்சக்கணக்கானோர் இன்று ஸ்டாடின்களை உட்கொள்கின்றனர்.

இந்த ஸ்டாடின்கள் கொலஸ்டிராலை மட்டும் குறைப்பதில்லை. அழற்சிச் செய்திகளைக் கடத்தும் சில புரதங்கள் உயிரணுவின் சவ்வில் நிற்க ஒரு நங்கூரம் வேண்டும். அந்த நங்கூரமும் கொலஸ்டிரால் உண்டாகும் அதே வழியில்தான் தயாராகிறது. வழியை அடைத்தால் நங்கூரமும் குறையும், அழற்சியும் தணியும். 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சிகரெட்டுப் புகையில் வைத்த எலிகளுக்குச் சிம்வாஸ்டாடின் கொடுத்தபோது காற்றறைகள் கிழிவது குறைந்தது. மேலும், மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, மூச்சடைப்பு நோயாளிகளுள் வேறு காரணத்துக்காக ஸ்டாடின் உண்டவர்கள், உண்ணாதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரிந்தது.

கொள்கை இருக்கிறது, எலிச் சோதனை இருக்கிறது, நோயாளிகளின் பதிவேடும் இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? ஆனாலும் மருத்துவர்கள் அவசரப்படவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 885 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தனர். எல்லோரும் பல ஆண்டுகள் புகைபிடித்தவர்கள். யாருக்கு மருந்து, யாருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தனர். எந்த மாத்திரையை விழுங்குகிறோம் என்பது நோயாளிக்கும் தெரியாது. கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம், குறைந்தது ஓராண்டாவது கொடுப்பது என்பது திட்டம். நோய் திடீரென்று முற்றுவது ஆண்டுக்கு எத்தனை முறை என்று எண்ணினர்.

2014-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.39 முறை. சிம்வாஸ்டாடின் உண்டவர்களுக்கு 1.36 முறை. இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. பயன் இல்லை என்று கண்டு சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டனர்.

கணக்கு எங்கே பிசகியது?

பதிவேட்டில் தெரிந்த நன்மை எங்கே போயிற்று? சிந்தித்துப் பாருங்கள். ஸ்டாடின் வாங்கி உண்பவர் யார்? தவறாமல் மருத்துவரிடம் செல்பவர்; சொன்னபடி மருந்து உட்கொள்பவர்; தம் உடலைப் பேணுபவர். அவர் நன்றாக இருப்பதற்கு மாத்திரைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? மழை பெய்யும்போது குடைகள் விரிகின்றன. குடைகள் விரிந்ததால் மழை பெய்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மருந்து விஷயத்தில் இந்தப் பிழையை நாம் அடிக்கடி செய்கிறோம். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும்போது, உடலைப் பேணுபவரும் பேணாதவரும் இரு பக்கத்திலும் ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றனர். அப்போது எஞ்சும் வேறுபாடு மாத்திரை ஒன்றே.

எலியின் கதையும் இப்படித்தான். எலி சில வாரங்களோ மாதங்களோ புகையில் இருக்கிறது. மனிதரோ முப்பது ஆண்டுகள் புகைக்கிறார். எலிக்குப் புகையோடு கூடவே மருந்து கிடைக்கிறது. மனிதருக்கோ நார்கள் அறுந்து பல ஆண்டுகள் ஆனபின் கிடைக்கிறது. எரிந்துகொண்டிருக்கும் கூரையில் நீர் ஊற்றுவதும், எரிந்து முடிந்த சாம்பலில் நீர் ஊற்றுவதும் ஒன்றாகுமா?

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இதயத்துக்காக ஸ்டாடின் உண்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. இதயத்துக்கு அது நன்மை செய்வது இதே போன்ற சோதனைகளால் உறுதியானது. நுரையீரல் அழற்சிக்குப் பயன்படவில்லை என்பதே இங்கு நாம் கண்ட செய்தி.

"இயற்கைப் பொருள்தானே, தீங்கு செய்யாதே?"

பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று வாதிடுவோர் உண்டு. காரட்டிலும் பப்பாளியிலும் உள்ள பீட்டா கரோட்டினின் வரலாறு அவர்களுக்கு விடை சொல்லும். புகையின் தனி உறுப்புகளை அது அடக்கும் என்று எல்லோரும் நம்பினர். ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் அதைச் சோதித்தனர். 1994-இல் வெளிவந்த முடிவு அதிர்ச்சி அளித்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த மற்றொரு சோதனையிலும் இதே போக்குத் தெரியவே, 1996 ஜனவரியில் அதை இடையிலேயே நிறுத்தினர். காரட்டைத் தின்பதில் தவறில்லை. ஆனால் புகையால் புண்பட்ட நுரையீரலில், மாத்திரையாகச் செறித்துக் கொடுத்த அதே பொருள் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது.

காளான் மாத்திரைகளின் மேலட்டையில் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று அச்சிட்டிருப்பதையும் கவனியுங்கள். பூஞ்சையின் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. பூஞ்சைக் கிருமி வந்துவிட்டது என்பதற்கு அதையே அடையாளமாகக் கொண்டு, நம் வெள்ளையணுக்கள் விழித்தெழுகின்றன. நல்லது. ஆனால் புகைபிடிப்பவரின் நுரையீரலில் உள்ள நோய், வெள்ளையணுக்கள் போதாமல் வந்ததா? அவை அளவுக்கு மீறிக் கூடியதால் அல்லவா வந்தது! ஒரே மாத்திரை 'சக்தியைப் பெருக்கும்' என்றும் 'அழற்சியைத் தணிக்கும்' என்றும் ஒருங்கே சொல்லப்பட்டால், எது, எங்கே, எவ்வளவு என்று கேட்பது நம் கடமை.

இன்னொரு பெரிய குறையும் உண்டு. புகையின் கேடு அழற்சியோடு முடிவதில்லை. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தாரிலுள்ள பொருள்கள் மரபணுக்களைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வித்திடுகின்றன. இரத்தம் எளிதில் உறைந்து மாரடைப்பு வருகிறது. அழற்சியை முற்றிலும் அணைக்கும் மாத்திரை நாளையே வந்தாலும் இவை நிற்கமாட்டா. மாத்திரை இருக்கிறதே என்ற துணிவில் ஒருவர் மேலும் பத்து ஆண்டுகள் புகைத்தால், அந்த மாத்திரையே அவருக்குப் பகையாகிவிடும்.

உறுதியாகப் பலிக்கும் மருந்து

அப்படியானால் பலிக்கும் மருந்து ஏதும் இல்லையா? இருக்கிறது. அதற்கு விலையும் இல்லை. புகையை நிறுத்துவதே அது. இதை அறவுரையாகச் சொல்லவில்லை. அளந்து கண்ட எண்களாகச் சொல்கிறேன்.

நுரையீரலின் வலிமையை ஸ்பைரோமீட்டர் என்ற கருவியால் அளக்கிறார்கள். 1846-இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் அறிமுகப்படுத்திய கருவி அது. ஆழ மூச்சிழுத்து வேகமாக ஊதும்போது, முதல் ஒரு விநாடியில் எத்தனை மில்லிலிட்டர் காற்று வெளியேறுகிறது என்று பார்ப்பார்கள். வயது ஏற ஏற எல்லோருக்கும் இந்த அளவு சிறிது சிறிதாகக் குறையும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 புகைப்பாளர்களைச் சேர்த்து ஒரு பேராய்வு நடந்தது. அவர்களைப் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த முடிவு 2002-இல் வெளியாயிற்று. தொடர்ந்து புகைத்த ஆண்கள் ஆண்டுக்குச் சுமார் 66 மில்லிலிட்டர் இழந்தனர். புகையை விட்ட ஆண்கள் இழந்தது சுமார் 30 மில்லிலிட்டரே.

வேறுபாடு 36 மில்லிலிட்டர். இது ஓர் ஆண்டுக்கு. இருபது ஆண்டுகளுக்குப் பெருக்கினால் 720 மில்லிலிட்டர் ஆகிறது. மூன்று பெரிய டம்ளர் கொள்ளளவு! முதுமையில் மாடிப்படி ஏறுவதற்கும், ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிடுவதற்கும் இடையிலுள்ள தூரம் அந்த மூன்று டம்ளர் காற்றுதான்.

இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் 1951-இல் தொடங்கிய ஆய்வையும் சொல்ல வேண்டும். 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுபது வயதில் புகையை விட்டவர்கள், விடாதவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தனர். ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டு. நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டு. முப்பதில் விட்டவர்கள் பத்து ஆண்டு. "இனிமேல் விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் பெரியவருக்கு இந்த எண்களைவிடச் சிறந்த விடை வேறில்லை.

நிறுத்துவது எளிதன்று என்பதும் உண்மையே. நிகோட்டின் மூளையைக் கட்டிப்போடும் பொருள். பலர் நான்கைந்து முறை முயன்று தோற்றபின்பே வெல்கின்றனர். அது அவர்களுடைய மனத்தின் குறை அன்று, அப்பொருளின் குணம். ஆகவே ஏளனம் செய்யாமல் துணை நிற்க வேண்டும். நிகோட்டின் மெல்லுபசையும் ஒட்டுப்பட்டையும் வேறு சில மருந்துகளும், மேலே சொன்ன சீட்டுக் குலுக்கும் முறையிலேயே சோதிக்கப்பட்டு, பயன் உள்ளவை என்று தேறியவை. மருத்துவரைக் கேட்டு அவற்றைப் பெறலாம். புகையிலையை விட விரும்புவோருக்காக மைய அரசு 1800-112-356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் ஏற்படுத்தியிருக்கிறது.

பூஞ்சை ஆராய்ச்சி நிற்க வேண்டியதில்லை. ஆறாயிரம் பூஞ்சைகளைச் சோதித்த எண்டோவைப்போல் பொறுமையுள்ளவர்கள் மேலும் பலர் வேண்டும். புகையை விட்ட பிறகும் பலருக்கு அழற்சி ஓரளவு நீடிக்கிறது. அவர்களுக்கு ஒரு நல்ல மருந்து தேவை. அது ஒரு காளானிலிருந்தே வரலாம். அதைக் காண்பவர் இன்று இந்த இதழைப் படிக்கும் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம். அன்று நீங்கள் கண்டது உண்மைதானா என்று அறிய, எலியோடு நின்றுவிடாதீர்கள். சீட்டுக் குலுக்குங்கள்; வெற்று மாத்திரையோடு ஒப்பிடுங்கள்; எண்ணிப் பாருங்கள்.

அதுவரை, யாராவது ஒரு பெட்டியை நீட்டி "இது நுரையீரலைச் சுத்தமாக்கும்" என்றால், மூன்று கேள்விகள் கேளுங்கள். மனிதரிடம் சோதித்தார்களா? எத்தனை பேரிடம்? எதனோடு ஒப்பிட்டார்கள்? விடை வரவில்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியவருக்கு அந்தப் பெட்டிக்குப் பதிலாக 36 மில்லிலிட்டர் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.